பளிங்கும் தகரமும்

போரிலே வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டி, மாலை சூட்டி, படையலிட்டு வணங்கிய மரபு தமிழனுடையது. தவறென்று நாம் கூறவில்லை. உயிரைத் தந்தவனை ஊர் நினைப்பது நன்றி. ஆனால் நெடுநாளாக ஒரு கேள்வி நம் நெஞ்சைக் குடைகிறது. விழாமல் திரும்பி வந்தவன் என்னவானான்? வீழ்ந்தவனுக்குக் கல் தந்த ஊர், மீண்டவனுக்கு ஒரு திண்ணையேனும் தந்ததா?

நடுகல்லின் காலம் மலையேறிவிட்டது, கேள்வியோ மாளவில்லை. செல்வத்திலே திளைத்த அமெரிக்காவின் தலைநகரிலேயே அது ஒருநாள் சேற்றில் நின்று கூவிற்று. அந்தக் கதையைத்தான் இங்கே பேசப் போகிறோம்.

1932 ஏப்ரல் திங்கள். வாஷிங்டனை அடுத்த ஆர்லிங்டன் இடுகாட்டிலே வெண்பளிங்குச் சின்னமொன்று மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டது. முதல் உலகப்போரில் மாண்டு, பெயரும் ஊரும் தெரியாமல் போன ஒரு வீரனை, 1921இல் பிரான்சிலிருந்து கொணர்ந்து அங்கே அடக்கம் செய்திருந்தனர். அவனுக்குப் பளிங்கு மாளிகை!

அடுத்த மாதமே, பெயரும் ஊரும் தெரிந்த வீரர்கள், உயிரோடு, அதே நகருக்கு வந்து சேர்ந்தனர். ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டு நகரிலிருந்து வால்டர் வாட்டர்ஸ் என்னும் வேலையற்ற பழைய சார்ஜெண்டு சுமார் 300 பேருடன் புறப்பட்டான். சரக்கு ரயில்களிலே தொற்றிக்கொண்டு, நாட்டின் மேற்குக் கோடியிலிருந்து கிழக்குக் கோடிக்கு வந்தனர். வழிநெடுகச் செய்தி பரவியது. வந்து குவிந்தோர் தொகை இருபதாயிரம் அளவுக்கு உயர்ந்தது. சிலர் மனைவி மக்களோடு வந்தனர். ஏன்? விட்டுவர வீடில்லை!

அனகோஸ்டியா ஆற்றங்கரைச் சேற்றுநிலத்திலே அவர்கள் தங்கினர். குப்பைமேட்டைக் கிளறி எடுத்த தகரம், கள்ளிப்பெட்டிப் பலகை, பழைய துணி, அட்டை ஆகியவையே சுவரும் கூரையும். பிணத்துக்குப் பளிங்கு, பிழைத்தவனுக்குத் தகரம்!

பிச்சை கேட்டா வந்தனர்? இல்லை, கடனை வசூலிக்க வந்தனர். போர்க்களத்திலே அவர்கள் பெற்ற சம்பளம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு டாலர். ஊரிலே இருந்து கப்பல் கட்டியவன் அதைவிடப் பன்மடங்கு ஈட்டினான். அந்த இழப்பை ஈடுசெய்ய 1924இல் சட்டம் வந்தது: உள்நாட்டில் பணியாற்றிய நாளுக்கு ஒரு டாலர், கடல் கடந்து பணியாற்றிய நாளுக்கு ஒன்றேகால் டாலர். காசு தந்தால் நாட்டுப்பற்று நாட்டுப்பற்றாகாது என்று உபதேசித்து, குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் அதைத் தடுத்துப் பார்த்தார். படைக்குத் தளவாடம் விற்றுக் கொழுத்தவர்களிடம் அந்த உபதேசத்தை யாரும் செய்யவில்லை! தடையை மீறிச் சட்டம் நிறைவேறிற்று. ஆனால் கையில் காசு வரவில்லை, பத்திரம் வந்தது. சிறு தொகைக்காரர் நீங்கலாக, மற்றவர்க்கெல்லாம் பணம் 1945இல்! அதற்கு முன் முழுத்தொகையும் வேண்டுமென்றால் செத்துப்போக வேண்டும், வாரிசுக்குக் கிடைக்கும். ‘கல்லறைப் போனஸ்’ என்று வீரர்களே நகைத்தனர். இன்று தட்சிணை கொடு, செத்தபின் மோட்சம் என்று இங்கே ஓதுவார்களே, அந்தப் பாட்டின் அமெரிக்க ராகம் இது!

1929இல் பொருளாதாரம் சரிந்தது. ஆலைகள் மூடின, வாடகை தர இயலாதவர் தெருவுக்கு வந்தனர். பெட்டியிலே பத்திரம், வயிற்றிலே பசி. 1945 வரை வயிறு பொறுக்குமா?

அந்தத் தகர நகரிலே நாம் தலைவணங்க வேண்டிய காட்சி ஒன்று உண்டு. அமெரிக்கப் படையிலே வெள்ளையனுக்குத் தனி அணி, கருப்பனுக்குத் தனி அணி. தலைநகரின் பள்ளிகளும் அப்படியே பிரிந்து கிடந்தன. ஆனால் அந்தச் சேற்றிலே இருவரும் அருகருகே குடிலமைத்தனர், ஒன்றாக உண்டனர். கருப்பர் இயக்க ஏட்டுக்காக அங்கே சென்று பார்த்த ராய் வில்கின்ஸ் அதை வியந்து எழுதினார். அரசு கட்டிய சுவரைப் பசி இடித்துவிட்டது. சேரியும் அக்கிரகாரமும் கண்ட நமக்கு, அந்தக் காட்சியின் அருமையை எவரும் விளக்கத் தேவையில்லை.

ஜூன் 15இல் பிரதிநிதிகள் சபை, உடனே பணம் தர 211க்கு 176 என்ற வாக்கில் ஒப்பியது. இரண்டே நாளில் செனட் சபை, 62க்கு 18 என்று அதைப் புதைத்தது. மொத்தத் தொகை ஏறத்தாழ 240 கோடி டாலர்; அரசின் ஓராண்டுச் செலவில் பாதியளவு. பெருந்தொகைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே மாத இறுதியிலே, சிகாகோவில் தள்ளாடிய ஒரே ஒரு வங்கிக்கு 9 கோடி டாலர் கடன் தர அரசு நிறுவனம் முன்வந்ததே! வங்கி சாய்ந்தால் ஓடிப்போய்த் தாங்கும் கரம், வீரன் சாய்ந்தால் சட்டைப்பைக்குள் ஒளிந்துகொண்டது.

ஊருக்குத் திரும்ப ரயில் கட்டணம் தருவதாகச் சொன்னார்கள். பத்திரத் தொகையில் கழித்துக்கொள்வார்களாம்! சிலர் போயினர். போக்கிடமற்றோர் தங்கினர்.

ஜூலை 28. பென்சில்வேனியா அவென்யூவில் பாழடைந்த கட்டிடங்களிலே ஒண்டியிருந்தோரைக் காவலர் வெளியேற்றினர். கைகலப்பு, கல்வீச்சு, துப்பாக்கிச் சூடு. ஹுஷ்கா, கார்ல்சன் என்ற இரு பழைய வீரர்கள் குண்டடிபட்டு மாண்டனர். மாலையிலே படை வந்தது: குதிரைப்படை, செருகிய துப்பாக்கிமுனைக் கத்திகளுடன் காலாட்படை, ஆறு டாங்கிகள், கண்ணீர்ப்புகை. நடத்தி வந்தவர் தளபதி மக்கார்தர். ஆற்றைக் கடக்க வேண்டாமென்று தலைவர் ஹூவர் சொல்லி அனுப்பியும், படை பாலத்தைக் கடந்தது. இரவிலே தகர நகர் எரிந்தது.

குதிரைப்படையோடு வந்தவர் ஜார்ஜ் பாட்டன். 1918இல் பிரான்சின் ஆர்கோன் களத்திலே அவர் குண்டடிபட்டு விழுந்தபோது, குழிக்குள் இழுத்துப் போட்டு உயிர்காத்தவன் ஜோ ஆஞ்சலோ என்ற ஏழைச் சிப்பாய்; அதற்குப் பதக்கமும் பெற்றவன். விரட்டப்பட்டோர் கூட்டத்திலே அவனும் இருந்தான். மறுநாள் பாட்டனைக் காணச் சென்றான். தெரியாதவன் என்று துரத்தினார் பாட்டன்.

வந்தவரெல்லாம் வீரரல்லர், கலகக்காரரே என்று ஆட்சியினர் தூற்றினர். முன்னாள் வீரர் நலத்துறையின் கணக்கே அதைப் பொய்யாக்கிற்று: 100க்கு 94 பேர் படையில் பணியாற்றியவர்; 67 பேர் கடல் கடந்து சென்றவர்.

நவம்பரில் ஹூவர் தோற்றார். அடுத்து வந்த ரூஸ்வெல்ட் பணம் தரவில்லை; வேலை தந்தார். அதை நாம் குறைவாக மதிப்பிடவில்லை. எனினும் ஃபுளோரிடாத் தீவுகளிலே சாலை போட அனுப்பப்பட்டவர்களை, மெல்லிய முகாம்களிலே கடலோரம் தங்கவைத்தனர். 1935 செப்டம்பர் 2இல் கடும்புயல் வந்தது. மீட்க அனுப்பிய ரயில் காலங்கடந்து வந்து, அலையிலே கவிழ்ந்தது. 250க்கு மேற்பட்ட வீரர்கள் மாண்டனர். 1936 ஜனவரியில்தான், ரூஸ்வெல்ட்டின் தடையையும் மீறி, போனஸ் நிறைவேறிற்று.

பட்டபின் புத்தி வந்தது. அடுத்த போர் முடியுமுன்பே, 1944 ஜூனில், திரும்பும் வீரர்க்குப் படிப்பும் வீட்டுக்கடனும் வேலையில்லாக் காலப் படியும் தரும் சட்டம் வந்தது. இலட்சக்கணக்கானோர் வீடு கட்டினர். அப்படியானால் 1932இல் அது விதியா? விதி எனில் 12 ஆண்டில் மாறியது எப்படி? ஆனால் கடன் தருவது ஊர் வங்கி; வெள்ளையன் வங்கி. மிசிசிப்பி மாநிலத்தில் 1947இல் இச்சட்டத்தின் வழியாக வழங்கிய 3,229 கடன்களில் கருப்பர்க்குக் கிடைத்தவை இரண்டே! சேற்றிலே ஒன்றாயிருந்தவர்களைக் கடன்மனு மீண்டும் பிரித்தது.

வியட்நாமிலிருந்தும் ஈராக்கிலிருந்தும் திரும்பியவர்களின் கதையும் பாலத்தடியிலேதான் தொடர்ந்தது. 2010இல் அமெரிக்க அரசு ஓர் இரவிலே எடுத்த கணக்கில் வீடற்ற முன்னாள் வீரர் 74,000க்கு மேல். திருந்தினால் வீடு என்னாமல், முதலில் வீடும் வாடகை உதவியும், பிறகு மருத்துவமும் என்று முறையை மாற்றினர். 2024 ஜனவரியில் அத்தொகை 32,882 ஆகக் குறைந்தது. அவர்களிலே ஏறத்தாழ மூவரில் ஒருவர் கருப்பர்.

அன்று சுடப்பட்ட ஹுஷ்கா? லிதுவேனியாவிலிருந்து குடியேறியவன். 1917இல் தன் இறைச்சிக் கடையை விற்றுவிட்டுப் படையில் சேர்ந்தவன். அவனுக்கு அரசு இறுதியிலே நிலம் ஒதுக்கியது, ஆர்லிங்டனில், பளிங்குச் சின்னம் நிற்கும் அதே இடுகாட்டில்.