அடைத்த கதவும் இருண்ட திரையும்

ஹாக்கி என்று சொன்னவுடன் நம் கண்முன் நிற்பது பச்சைப் புல்தரை. 1975ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி நடந்ததையும், அதில் மலேசியக் குழு நான்காம் இடம் பெற்றதையும், இந்தியா கிண்ணத்தை வென்றதையும் நம் பெரியவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டதோ வேறொரு ஹாக்கி. கனடாவிலும் அமெரிக்காவிலும், உறைந்த பனிக்கட்டித் தரையின்மேல், காலில் சறுக்குக் காலணி பூட்டிக்கொண்டு ஆடும் ஆட்டம் அது. அங்கே பந்து கிடையாது. மூன்று அங்குல அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள கறுப்பு வில்லை ஒன்றை மட்டையால் அடித்து விரட்டுகிறார்கள். அந்த வில்லை எதனால் ஆனது தெரியுமா? கந்தகம் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய ரப்பர்! துள்ளாமல் இருப்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதைக் குளிர்பெட்டியில் வைத்து உறைய வைக்கிறார்கள். விடியற்காலையில் பால்மரம் வெட்டப் போகும் நமக்கு இந்த ஆட்டம் முற்றிலும் அந்நியமானதன்று என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொள்ளலாம்.

ஆட்டத்தின் விதிகளைச் சொல்வது நம் நோக்கமன்று. அந்த ஆட்டத்தைக் காண ஆசைப்பட்ட சாதாரண மக்களுக்கும், அதைக் காட்டும் உரிமையைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் இடையே நெடுங்காலமாக நடந்துவரும் இழுபறியைத்தான் காணப் போகிறோம்.

தேசிய ஹாக்கி லீக் 1917ஆம் ஆண்டில் கனடாவின் மொன்றியல் நகரில் தோன்றியது. குழுக்களுக்கு வருமானம் வாயிலில் விற்கும் டிக்கெட்டுப் பணம் ஒன்றே. 1923ஆம் ஆண்டில் டொரொன்டோ நகரில் ஃபாஸ்டர் ஹூவிட் என்னும் இளைஞர் வானொலியில் ஹாக்கி வருணனை செய்யத் தொடங்கினார். 1931 நவம்பரில் அதே நகரில் 'மேப்பிள் லீஃப் கார்டன்ஸ்' என்னும் பெரிய அரங்கு திறக்கப்பட்டது. உலகமெங்கும் பொருளாதார மந்தம் வாட்டிய காலம் அது. கையில் பணம் போதாத நிலையில், கட்டடத் தொழிலாளர்கள் தம் கூலியில் ஒரு பகுதியை ரொக்கமாகப் பெறாமல் அரங்கின் பங்குப் பத்திரமாகப் பெற்றுக்கொண்டார்கள் என்பது நினைவில் கொள்ளத்தக்கது. உழைத்தவனின் கூலியும் அந்தச் சுவரில் கலந்திருந்தது.

அந்த அரங்கின் கூரையோடு ஒட்டி, தரையிலிருந்து 56 அடி உயரத்தில், ஹூவிட்டுக்கென்று ஒரு கூண்டு அமைத்திருந்தார்கள். சனிக்கிழமை இரவுதோறும் அங்கிருந்து அவர் குரல் கிளம்பும். பனி மூடிய கோதுமைப் பண்ணைகளிலும், மீனவர் குடியிருப்புகளிலும், சுரங்கத் தொழிலாளர் வீடுகளிலும் குடும்பம் குடும்பமாக வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் டொரொன்டோ நகரையே கண்டறியாதவர்கள். குழுவின் தலைவரான கான் ஸ்மைத் என்பவர் கெட்டிக்கார வியாபாரி. வானொலியில் இலவசமாகக் கேட்பவன் டிக்கெட்டு வாங்க வரமாட்டான் என்று அவர் அஞ்சவில்லை. கேட்டவனுக்கு ஆசை பிறக்கும், ஆசை பிறந்தவன் ஒருநாள் அரங்கு வாசலுக்கு வருவான் என்று கணக்குப் போட்டார். அவர் கணக்குத் தப்பவில்லை.

காதால் கேட்டவரையில் பெரிய தொல்லையில்லை. கண்ணால் காணும் காலம் வந்தபோதுதான் அச்சம் புகுந்தது. 1952ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் மொன்றியலிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் தொலைக்காட்சி ஒளிபரப்புத் தொடங்கியது. ஆனால் முழு ஆட்டத்தையும் காட்டவில்லை. இந்த ஆட்டம் இருபது இருபது நிமிடங்களாக மூன்று பகுதிகள் கொண்டது. ஆட்டம் தொடங்கி வெகுநேரம் கழிந்த பிறகே வீட்டுத் திரையில் படம் தெரியும். தொடக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் காசு கொடுத்து அரங்குக்கு வரவேண்டும். 1960களின் பிற்பகுதி வரையில் இந்த வழக்கம் நீடித்தது. விருந்துக்கு அழைத்துவிட்டு, பாதிப் பந்தி முடிந்தபின் கதவைத் திறப்பதுபோல் இருந்தது இது!

அமெரிக்காவில் கட்டுப்பாடு இன்னும் கடுமையாயிற்று. ஒரு குழு தன் சொந்த ஊரில் ஆடும் நாளில், அவ்வூர்த் தொலைக்காட்சியில் அந்த ஆட்டத்தைக் காட்டாமல் மறைப்பதை அங்கே 'பிளாக்அவுட்' என்கிறார்கள். நாம் 'இருட்டடிப்பு' என்று சொல்லலாம். 1953ஆம் ஆண்டில் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு நீதிபதி, அமெரிக்கக் கால்பந்து லீக் தொடர்பான வழக்கில், சொந்த ஊரில் ஆடும் நாளன்று மட்டும் இவ்வாறு மறைக்கலாம் என்று தீர்ப்பளித்தார். பின்னர் 1961 செப்டம்பரில் அதிபர் கென்னடி கையெழுத்திட்ட ஒரு சட்டம், கால்பந்து, பேஸ்பால், கூடைப்பந்து, ஹாக்கி ஆகிய நான்கு ஆட்டங்களின் லீக்குகளும் ஒளிபரப்பு உரிமையை ஒன்றாகக் கட்டி விற்க வழிவிட்டது. சொந்த ஊர் இருட்டடிப்புக்கும் அதில் இடமிருந்தது.

பொதுமக்கள் வாளாவிருக்கவில்லை. டிக்கெட்டு அத்தனையும் விற்றுத் தீர்ந்துவிட்டது. உள்ளே நுழைய இடமில்லை. வீட்டிலும் காட்டமாட்டோம் என்றால் இது என்ன நியாயம் என்று கேட்டார்கள். 1973ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. ஆட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்பே டிக்கெட்டு முழுவதும் விற்றுவிட்டால், உள்ளூரிலும் காட்டியாக வேண்டும் என்பது அது. ஆனால் லீக் மொத்தமாக விற்ற ஆட்டங்களுக்கே அது பொருந்தியது. ஒவ்வொரு குழுவும் உள்ளூரில் தனியாக வைத்திருந்த உரிமையைத் தொடவில்லை. அந்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டு முடிவோடு காலாவதியானது.

உள்ளூர் உரிமை ஒரே மனிதர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிகாகோ நகரமே சாட்சி. ஆலைகளும் இறைச்சிக் கூடங்களும் நிறைந்திருந்த உழைப்பாளிகளின் நகரம் அது. அங்குள்ள பிளாக்ஹாக்ஸ் குழு 1961இல் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது. 1966ஆம் ஆண்டில் பில் விர்ட்ஸ் என்பவர் குழுவின் தலைவரானார். வெளியூரில் ஆடும் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டலாம். சிகாகோவில் ஆடும் ஆட்டத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்பது அவருடைய கொள்கை. பருவம் முழுவதற்கும் முன்பணம் கட்டி டிக்கெட்டு வாங்கியவர்களுக்கு அது அநீதி என்று காரணம் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் தனியாகச் சந்தா கட்டுவோருக்கு மட்டும் காட்டும் ஏற்பாடு ஒன்று வந்தது. அது நிலைக்கவில்லை.

விர்ட்ஸ் சொன்ன காரணத்தை முற்றிலும் தள்ளிவிட முடியாது. முன்பணம் கட்டியவனுக்கு ஒரு மரியாதை செய்ய வேண்டியதுதான். ஆனால் ஆசிரியர்களாகிய நாங்கள் எப்போதும் பிள்ளைகள் பக்கமிருந்தே பார்த்துப் பழகியவர்கள். டிக்கெட்டு வாங்க வசதியில்லாத ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். அரங்கு அவன் வீட்டுக்குச் சில கல் தொலைவில்தான். விளக்கொளி தெரியும், உள்ளே நடப்பது தெரியாது. சிறுவயதில் தான் கண்ட ஆட்டக்காரர் பாபி ஹல்லைப் பற்றி அவன் தன் மகனுக்குக் கதையாகச் சொல்லலாம். மகனோ தன் ஊர்க் குழு தன் ஊரில் ஆடுவதைத் திரையில் காணாமலே வளர்கிறான். அவன் வேறு ஆட்டத்தின் பக்கம் போய்விடுகிறான். காணாத ஒன்றின்மேல் பற்று வைக்கப் பிள்ளைகளுக்குத் தெரியாது.

அப்படித்தான் நடந்தது. யாருக்காகக் கதவு அடைக்கப்பட்டதோ, அந்த அரங்கின் நாற்காலிகளே காலியாயின. 2000க்குப் பிந்திய ஆண்டுகளில் லீக்கிலேயே மிகக் குறைவான கூட்டம் வரும் அரங்குகளுள் ஒன்றாகச் சிகாகோ தாழ்ந்தது. 2007 செப்டம்பரில் பில் விர்ட்ஸ் காலமானார். அடுத்த மாதம் அரங்கில் அவருக்கு அஞ்சலி செலுத்தியபோது கூட்டத்தில் ஒரு பகுதியினர் கூச்சலிட்டார்கள். இறந்தவரை இகழ்வது நம் வழக்கமன்று. எந்த ஊரிலும் அது நல்ல வழக்கமன்று. ஆயினும் 41 ஆண்டுக் கசப்பு எத்துணை ஆழமானது என்பதை அந்தக் கூச்சல் காட்டியது.

பொறுப்பேற்ற அவர் மகன் ராக்கி விர்ட்ஸ் சில வாரங்களிலேயே கதவைத் திறந்தார். அதே ஆண்டு நவம்பரில் சொந்த ஊர் ஆட்டம் உள்ளூர்த் திரைக்கு வந்தது. 2008-09 பருவத்தில் 82 ஆட்டங்களும் காட்டப்பட்டன. அந்தப் பருவத்தில் லீக்கிலேயே அதிகக் கூட்டம் கண்டது சிகாகோ அரங்குதான்! டேவ்ஸ், கேன் என்ற இரு இளம் வீரர்கள் அதே காலத்தில் குழுவில் சேர்ந்ததும் இதற்கு ஒரு காரணம். தொலைக்காட்சி ஒன்றுதான் எல்லாவற்றையும் சாதித்தது என்று நாம் மிகைப்படுத்த மாட்டோம். ஆனால் வீட்டில் காட்டினால் அரங்கு காலியாகும் என்ற பழைய அச்சம் அன்றோடு பொய்த்தது. 2010இல் 49 ஆண்டுகளுக்குப் பின் கிண்ணமும் திரும்பி வந்தது.

அச்சம் பொய்த்த பிறகும் இருட்டடிப்பு ஏன் ஒழியவில்லை? பூட்டு அதேதான், அது காக்கும் பெட்டி மாறிவிட்டது. டிக்கெட்டுப் பெட்டிக்குப் பதில் இப்போது ஒளிபரப்புப் பணப்பெட்டி.

இந்த மாற்றத்தின் அறிகுறியை 1979லேயே கனடாவில் காணலாம். எட்மன்டன், வினிபெக், கியூபெக், ஹார்ட்ஃபர்ட் ஆகிய நான்கு நகரக் குழுக்கள் லீக்கில் சேர விரும்பின. மார்ச் 8ஆம் நாள் வாக்கெடுப்பில் 12 பேர் ஆதரித்தனர்; 5 பேர் எதிர்த்தனர். ஒரே ஒரு வாக்குக் குறைவால் திட்டம் தோற்றது. எதிர்த்தவர்களுள் மொன்றியல், டொரொன்டோ, வான்கூவர் என்ற மூன்று கனடியக் குழுக்களும் இருந்தன. நாட்டின் ஒளிபரப்புப் பணத்தை மூவர் பங்கிட்டது போய் அறுவர் பங்கிட வேண்டிவரும் அல்லவா? மொன்றியல் குழு மோல்சன் பீர் ஆலைக்குச் சொந்தம். கோபமடைந்த மக்கள் அந்த பீரை வாங்க மறுத்தார்கள். இரண்டே வாரம்! மார்ச் 22ஆம் நாள் மீண்டும் வாக்கெடுத்தபோது மொன்றியலும் வான்கூவரும் மனம் மாறின. 14க்கு 3 என்று திட்டம் நிறைவேறியது. பீர் குடிப்பதை நாம் பரிந்துரைக்கவில்லை. வாங்குபவன் கைமடக்கினால் விற்பவன் இறங்கிவருவான் என்பதற்கு அது நல்ல எடுத்துக்காட்டு.

பின்னர் கேபிள் தொலைக்காட்சி பெருகியது. ஒரு வட்டாரத்தின் கேபிள் நிறுவனம் உள்ளூர்க் குழுவுக்குப் பெரும் பணம் கொடுக்கும். அதற்கு ஈடாக, அந்த வட்டாரத்தில் அக்குழுவின் ஆட்டத்தை வேறெவரும் காட்டக்கூடாது. லீக் தனியே ஒரு சந்தாத் திட்டம் விற்றுவந்தது. அதில் வெளியூர்க் குழுக்களின் ஆட்டங்களைக் காண முடிந்தது, சொந்த ஊர்க் குழுவின் ஆட்டம் மட்டும் வரவில்லை. எனவே கலிஃபோர்னியாவில் குடியேறிய சிகாகோக்காரர் தம் குழுவைப் பார்க்க முடிந்தது. சிகாகோவிலேயே இருந்தவர், உள்ளூர் நிறுவனத்துக்கும் சந்தா கட்டாவிட்டால், பார்க்க முடியவில்லை.

2012இல் சில இரசிகர்கள் நியூயார்க் நீதிமன்றத்தில் லீக்கின்மேல் வழக்குத் தொடுத்தார்கள். 2015இல் சமரசம் ஏற்பட்டது. வெளியூரில் வாழும் இரசிகர் எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்துப் பணம் கட்டாமல், தமக்குப் பிடித்த ஒரு குழுவுக்கு மட்டும் குறைந்த சந்தா கட்டலாம் என்றாயிற்று. உள்ளூர் இருட்டடிப்பு அப்படியே நின்றது.

கனடாவில் 2013 நவம்பரில் ரோஜர்ஸ் நிறுவனம் 12 ஆண்டு உரிமையை 520 கோடிக் கனடிய டாலருக்கு வாங்கியது. அதன் விளைவுகளுள் ஒன்று நம் மனத்தைத் தொடக்கூடியது. அதுவரை ஆர்.டி.எஸ். என்னும் பிரெஞ்சு நிலையம் மொன்றியல் குழுவின் ஆட்டங்களை நாடு முழுவதும் பிரெஞ்சு மொழியில் காட்டிவந்தது. 2014 இலையுதிர் காலம் முதல் அது வட்டார நிலையமாகிவிட்டது. கியூபெக் மாநிலத்துக்கும் அதையடுத்த கிழக்குப் பகுதிக்கும் மேற்கே, பெரும்பாலான ஆட்டங்களுக்கு அதன் திரை இருண்டது. டொரொன்டோவிலும் மேற்கு மாநிலங்களிலும் ஆங்கிலேயர் நடுவே சிறுபான்மையாக வாழும் பிரெஞ்சுக் குடும்பங்கள், தம் குழுவின் ஆட்டத்தைத் தம் தாய்மொழியில் கேட்க ஓர் இரவு இருந்தது. மறு இரவு இல்லை. சந்தா கட்டாமல் இருந்ததால் அன்று, தவறான ஊரில் குடியிருந்ததால்! தமிழ் ஒலிபரப்புக்காகக் கடிகாரம் பார்த்துக் காத்திருக்கும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த இழப்பை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

அண்மையில் காற்று சற்றே திசை மாறியிருக்கிறது. மக்கள் கேபிள் சந்தாவைக் கைவிடத் தொடங்கவே, அமெரிக்காவில் 19 தொழில்முறைக் குழுக்கள் அல்ல, அதற்கும் மேற்பட்டவற்றின் ஆட்டங்களைக் காட்டிவந்த பெரிய வட்டார நிறுவனம் ஒன்று 2023 மார்ச்சில் திவால் மனுக் கொடுத்தது. அதே ஆண்டு லாஸ் வேகாஸ் குழு தன் உள்ளூர் ஆட்டங்களைச் சாதாரண ஆண்டெனாவில் கிடைக்கும் இலவச நிலையத்துக்கு மாற்றியது. அந்த ஆண்டு கிண்ணமும் அதற்கே கிடைத்தது. 2024 ஜூனில் கிண்ணம் வென்ற ஃபுளோரிடா குழுவும் அடுத்த மாதமே அவ்வழியைப் பின்பற்றியது. டாலஸ் குழு இணையத்தில் கட்டணமின்றிக் காட்ட முன்வந்தது. கனடாவிலோ 2025 ஏப்ரலில் ரோஜர்ஸ் நிறுவனம் 2026 முதல் மேலும் 12 ஆண்டுகளுக்கு 1,100 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. அந்தப் பணம் இரசிகர்களின் சந்தாவிலிருந்தும் விளம்பரத்திலிருந்தும்தான் திரும்பி வரவேண்டும்.