அரசு இணையப் பக்க நீக்கமும் அதன் சரிபார்ப்பும்

அரசு இணையதளத்தில் இருந்த ஓர் அறிக்கையோ அறிவிப்போ அகற்றப்பட்டதாகக் கூறப்படும்போது, அது உண்மையா என்பதை ஆதாரங்களுடன் உறுதிசெய்வது பக்க நீக்கச் சரிபார்ப்பு ஆகும். ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழில் வழித்தடம் போன்ற பகுதிகளில், நிலம், நீர், மாசு தொடர்பான ஆவணங்கள் இணையத்தில் வெளியாவதால் மக்களுக்கு இது முக்கியமானது. பக்கம் திறக்கவில்லை என்பதும் பக்கம் நீக்கப்பட்டது என்பதும் ஒன்றல்ல.

2017 தடை

அமெரிக்காவில் 1996இல் புரூஸ்டர் கேல் தொடங்கிய இணைய ஆவணகம், உலகெங்கும் உள்ள இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்துவருகிறது. பழைய படிகளைக் காட்டும் அதன் 'வேபேக் மெஷின்' சேவை 2001இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2017 ஆகஸ்டில் இத்தளம் இந்தியாவில் பலருக்குத் திறக்கவில்லை. திருட்டுத்தனமாகத் திரைப்படங்கள் வெளியாவதைத் தடுக்கக் கோரிய வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணையின்கீழ் முடக்கப்பட்ட 2,600க்கும் மேற்பட்ட தளங்களுள் இதுவும் ஒன்று. பின்னர் தடை விலகியது. பக்கங்கள் அழியவில்லை, அவற்றை அடையும் வழியே அடைபட்டிருந்தது.

2020 பாதுகாப்பு அமைச்சக அறிக்கை

உண்மையான நீக்கத்துக்கு எடுத்துக்காட்டு 2020இல் நிகழ்ந்தது. கிழக்கு லடாக்கில் மே மாதம் சீனப் படையினர் அத்துமீறியதைக் குறிப்பிட்ட மாதாந்தர அறிக்கை, ஆகஸ்ட் தொடக்கத்தில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தளத்தில் வெளியானது. ஊடகங்கள் அதைச் செய்தியாக்கிய பின், ஆகஸ்ட் 6 அன்று அது தளத்தில் இல்லை. 2017 முதலான மாதாந்தர அறிக்கைகளும் அகற்றப்பட்டதாக அக்டோபரில் செய்தி வந்தது. செய்தியாளர்கள் முன்பே படி எடுத்து வைத்திருந்ததால், அறிக்கை இருந்ததை மறுக்க இயலவில்லை.

சரிபார்க்கும் முறை

முதலில் வேறொரு இணைய இணைப்பிலும் வேறொரு நாளிலும் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். வழங்கிக் கோளாறு, முகவரி மாற்றம், வெளிநாட்டிலிருந்து அணுகத் தடை ஆகியவையும் காரணமாகலாம். தளம் புதுப்பிக்கப்பட்டிருந்தால் ஆவணம் வேறு முகவரியில் இருக்கக்கூடும். அதன் தலைப்பைக் கொண்டு தேடலாம்.

அடுத்து, காப்பகப் படிகளைப் பார்க்க வேண்டும். வேபேக் முகவரியில் உள்ள 14 இலக்கங்கள் ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி ஆகியவற்றைக் குறிக்கும். அது உலகப் பொது நேரம். இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்ட வேண்டும். 20200804203000 என்றிருந்தால், இந்தியாவில் ஆகஸ்ட் 5 அதிகாலை 2 மணி. பக்கம் கடைசியாகக் காணப்பட்ட படிக்கும் முதன்முதலாகக் காணப்படாத படிக்கும் இடையில் நீக்கம் நடந்தது என்று மட்டுமே கூறலாம். யார், ஏன் நீக்கினர் என்பதைப் படிகள் சொல்லா. படி இல்லை என்பதால் பக்கமே இருந்ததில்லை என்றும் முடிவுகட்டக் கூடாது.

காகிதச் சான்றுகள்

தொழில் வழித்தடத்து ஆவணங்கள் இணையத்தில் மட்டும் இருப்பவை அல்ல. 1997ஆம் ஆண்டின் தொழில் நோக்க நில எடுப்புச் சட்டத்தின்கீழ் நில அறிவிப்புகள் தமிழ்நாடு அரசிதழில் வெளியாகின்றன. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, கருத்துக்கேட்புக் கூட்ட நடவடிக்கைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் மட்டுமன்றி, ஊராட்சி அலுவலகத்திலும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் காட்சிக்கு வைக்கப்பட வேண்டும். இணையப் பக்கம் காணாமற்போனால், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஆவணத்தின் நகலைக் கேட்கலாம். பொதுவாக 30 நாட்களுக்குள் பதில் தரப்பட வேண்டும்.

ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆலை மூடினாலும் நிலம், சலுகை, வேலை குறித்த கேள்விகள் நீடிக்கின்றன. அவற்றுக்கு விடைதேட ஆவணம் வேண்டும். ஆகவே நீக்கத்துக்குப் பின் தேடுவதைவிட, பார்த்த நாளிலேயே முகவரி, தேதியுடன் படி எடுத்துவைப்பது பயனளிக்கும்.