சொல்வதெழுதலும் குறிப்பெடுத்தலும்

விரிவுரையில் எடுக்கும் குறிப்பால் இரண்டு பயன்கள் உண்டு என்று டி வெஸ்டா, கிரே இருவரும் 1972இல் பிரித்துக் காட்டினர். எழுதும் செயலே பாடத்தை மனத்தில் பதிக்கிறது. எழுதிய தாள் பின்னர் படிப்பதற்கான சேமிப்பாகிறது. நம் கலை அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் இன்றும் தொடரும் ‘நோட்ஸ் சொல்லும்’ வழக்கம், இரண்டாவதைப் பெறுவதற்காக முதலாவதை இழக்கிறது என்பதே என் வாதம்.

பேனாவா மடிக்கணினியா என்ற விவாதம் இங்கே அதிகம் உதவாது. முல்லரும் ஓப்பன்ஹைமரும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், தட்டச்சு செய்தவர்கள் பேச்சைச் சொல்லுக்குச் சொல் பதிந்தனர்; வேண்டாம் என்று எச்சரித்த பிறகும் அப்போக்கு நீங்கவில்லை. கருத்து சார்ந்த வினாக்களில் கையால் எழுதியவர்கள் முந்தினர். ஊரியும் பிறரும் 2021இல் சோதனையை மீண்டும் செய்தபோது, அப்படியே பதியும் போக்கு தென்பட்டது. மதிப்பெண் வேறுபாடு உறுதிப்படவில்லை. ஆனால் இவ்விரு ஆய்வுகளிலும் எதை எழுதுவது, எதை விடுவது என்று தீர்மானித்தவர் மாணவர். சொல்வதை எழுதும் வகுப்பில் அத்தீர்மானத்துக்கே இடமில்லை. காற்புள்ளி உட்பட எல்லாவற்றையும் ஆசிரியரே சொல்லிவிடுகிறார்.

இவ்வழக்கத்துக்கு ஒரு நியாயம் உண்டு. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வந்தவர் பலருக்கு முதலாண்டில் ஆங்கில விரிவுரை பிடிபடுவதில்லை. தேர்வுக்குக் கையில் ஏதேனும் இருக்கட்டும் என்ற ஆசிரியரின் அக்கறை மதிக்கத்தக்கது. ஆசிரியர் தரும் குறிப்பு முழுமையானது, மீண்டும் படிக்க ஏற்றது என்பதைக் கீவ்ராவின் ஆய்வுகளும் காட்டுகின்றன. அப்படியானால் அதை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடலாம். ஒரு மணி நேர வகுப்பை நகலெடுப்பதற்குச் செலவிட வேண்டியதில்லை.

மீளும் நேரத்தில் மாணவர் கலைச்சொல்லை ஆங்கிலத்திலும், காரண காரியத்தைத் தமிழிலும் எழுதட்டும். ‘இன்எலாஸ்டிக் டிமாண்ட்: உப்பு விலை ஏறினாலும் வாங்குவது குறையாது. ஏன்? மாற்றுப் பொருள் இல்லை, செலவில் அதன் பங்கும் சிறிது.’ இப்படி எழுதியவர் பாடத்தைப் புரிந்துகொண்டார் என்பது தாளிலேயே தெரியும். புரியாத இடத்தில் ‘ஏன்’ மட்டும் நிற்கும். கார்னெல் பல்கலைக்கழகத்தின் வால்டர் பாக் வகுத்த முறையில் இடப்பக்கம் ஒரு குறுகிய பத்தி விடப்படும். வகுப்பு முடிந்ததும், வலப்பக்கக் குறிப்பை மறைத்துக்கொண்டு விடை சொல்லத்தக்க வினாக்களை அதில் எழுத வேண்டும். விடைபெறாத ‘ஏன்’களுக்கும் அதுவே இடம். அவ்வினாக்களைத் தமிழில் எழுதுவதால் இழப்பேதும் இல்லை. தேர்வுக்குரிய ஆங்கில விடையை அச்சுக் குறிப்பு தந்துவிடும்.

ஒரே பாடத்தை இரு பிரிவுகளுக்கு நடத்தும் ஆசிரியர் இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு பிரிவுக்கு வழக்கம்போல் நோட்ஸ் சொல்லி, மற்றதற்கு அச்சுக் குறிப்பும் இம்முறையும் தந்து, ஒரு மாதம் கழித்து வகுப்பில் வராத எடுத்துக்காட்டொன்றை விளக்கச் சொல்ல வேண்டும். மனப்பாட வினாவில் வேறுபாடு வெளிப்படாது.