கல்லூரி நகர வாடகை வீட்டு முதலீடு

கல்லூரி நகர வாடகை வீட்டு முதலீடு என்பது, ஒரு பல்கலைக்கழகத்தைப் பொருளாதார மையமாகக் கொண்ட சிறு நகரத்தில் இரண்டு முதல் நான்கு குடித்தனங்கள் உள்ள வீட்டை வாங்கி, மாணவர்களுக்கும் பல்கலைக்கழகப் பணியாளர்களுக்கும் வாடகைக்கு விட்டு வருவாய் ஈட்டும் முறை ஆகும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை செயற்படும் விதத்தை விளக்குகிறது. ஆண்டுதோறும் புதிய மாணவர்கள் வருவதால் இது இடர் குறைந்த முதலீடு எனப் பலர் கருதுவர். ஆயினும் வாடகைதாரர் அனைவரும் ஒரே நிறுவனத்தைச் சார்ந்திருப்பதும், ஓர் ஆண்டின் வருவாய் ஏறக்குறைய ஒரே பருவத்தில் முடிவாகிவிடுவதும் இம்முதலீட்டுக்கே உரிய இடர்கள் ஆகும்.

சொற்பொருள்

மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர், நியூயார்க் மாநிலத்தின் இதாக்கா, பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ், அயோவாவின் ஏம்ஸ் ஆகியவை கல்லூரி நகரங்களுக்கு எடுத்துக்காட்டுகள். இவற்றில் மாணவர்கள் மக்கள்தொகையின் பெரும்பங்கினர். பல்கலைக்கழகமே முதன்மையான வேலை வழங்குநரும் ஆகும்.

இரண்டு குடித்தன வீடு டூப்ளெக்ஸ் என்றும், மூன்று குடித்தன வீடு டிரிப்ளெக்ஸ் என்றும், நான்கு குடித்தன வீடு ஃபோர்ப்ளெக்ஸ் என்றும் அழைக்கப்படுகின்றன. தமிழ்நாட்டில் டூப்ளெக்ஸ் என்பது உள்ளேயே மாடிப்படி அமைந்த, ஒரே குடும்பத்துக்கான இரண்டு தள வீட்டைக் குறிக்கும். அமெரிக்க வழக்கில் அது தனித்தனி வாயிலும் சமையலறையும் கொண்ட இரு குடித்தனங்களைக் குறிக்கும்.

கடன் வசதி

நான்கு குடித்தனங்கள் வரை உள்ள கட்டடம் கடன் விதிகளின்படி குடியிருப்பு வீடாகவே கொள்ளப்படுகிறது. ஐந்தும் அதற்கு மேலும் இருப்பின் அது வணிகச் சொத்தாகக் கருதப்படும். கடன் காலம், வட்டி, முன்பணம் ஆகியவற்றின் விதிகள் மாறும். சிறு முதலீட்டாளர்கள் நான்கு என்ற எல்லைக்குள் நிற்பதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

1934 இல் தொடங்கப்பட்ட நடுவண் வீட்டுவசதி நிருவாகத்தின் காப்புறுதி பெற்ற கடனில், கடன் மதிப்பெண் 580 அல்லது அதற்கு மேல் உள்ளவர் விலையில் 3.5% முன்பணம் செலுத்தி நான்கு குடித்தன வீடு வரை வாங்கலாம். வாங்குபவர் ஒரு குடித்தனத்தில் தாமே குறைந்தது ஓர் ஆண்டு வாழ வேண்டும். மூன்று அல்லது நான்கு குடித்தன வீடாயின், எல்லாக் குடித்தனங்களின் மதிப்பிடப்பட்ட வாடகையிலிருந்து குறைந்தது நான்கில் ஒரு பங்கைக் கழித்த பின்னும் எஞ்சுவது மாதத் தவணைக்குப் போதுமா என்று சோதிக்கப்படும். தாம் அங்கு வாழாமல் முதலீடாக மட்டும் வாங்குவோர் பொதுவாக இதைவிடப் பன்மடங்கு முன்பணம் செலுத்த வேண்டியிருக்கும்.

வருவாய்க் கணக்கு

பின்வருவது விளக்கத்துக்கான கற்பனைக் கணக்கு. விலை 6,00,000 டாலர், நான்கு குடித்தனங்கள், ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை 1,500 டாலர்.

ஆண்டு மொத்த வாடகை: 72,000 டாலர்
காலியிருப்புக்கான கழிவு (5%): 3,600 டாலர்
சொத்து வரி, காப்பீடு, பழுதுபார்ப்பு, மேலாண்மை முதலியன: 28,400 டாலர்
நிகர இயக்க வருவாய்: 40,000 டாலர்

நிகர இயக்க வருவாயை விலையால் வகுத்துக் கிடைப்பது கேப் ரேட் எனப்படும் மூலதன ஈட்டு வீதம். இங்கு அது ஏறத்தாழ 6.7%. விலையில் 75% ஆகிய 4,50,000 டாலரை 7% வட்டியில் 30 ஆண்டுகளுக்குக் கடனாகப் பெற்றால், ஆண்டுத் தவணை சுமார் 35,900 டாலர். கையில் மிஞ்சுவது 4,100 டாலர். அதாவது முன்பணமான 1,50,000 டாலருக்கு 2.7% மட்டுமே.

நான்கில் ஒரு குடித்தனம் ஆண்டு முழுவதும் காலியாக இருந்தால் வாடகை வரவு 54,000 டாலர் ஆகும். ஏற்கெனவே கழிக்கப்பட்ட காலியிருப்பைக் கணக்கில் கொண்டாலும் வரவு மேலும் 14,400 டாலர் குறைகிறது. செலவு மாறாதிருப்பின் 4,100 டாலர் மிச்சம் 10,300 டாலர் பற்றாக்குறையாக மாறிவிடும்.

வரிக் கணக்கில், நிலத்தின் மதிப்பு நீங்கலாகக் கட்டடத்தின் மதிப்பை 27.5 ஆண்டுகளில் தேய்மானமாகக் கழிக்கலாம். ஆனால் வீட்டை இலாபத்துக்கு விற்கும்போது, அவ்வாறு கழித்த தேய்மானத்தின் மீது 25% வரை வரி விதிக்கப்படும்.

வாடகை ஒப்பந்தம்

பல கல்லூரி நகரங்களில் ஒப்பந்தங்கள் ஆகஸ்டு மாதத்தில் தொடங்கிப் பன்னிரண்டு மாதங்கள் நீடிக்கின்றன. மாணவர்கள் பல மாதங்களுக்கு முன்னரே வீடு தேடி முடித்துவிடுவதால், ஆகஸ்டில் காலியாக உள்ள குடித்தனத்துக்கு அடுத்த ஆண்டு வரை ஆள் கிடைப்பது அரிது. மேற்கண்ட கணக்கில் ஒரு குடித்தனம் ஆண்டு முழுவதும் காலியாக இருப்பதாகக் கொண்டதன் காரணம் இதுவே.

ஒப்பந்தங்கள் இரு வகைப்படும்.

கூட்டு ஒப்பந்தம்: குடித்தனத்தில் வாழும் அனைவரும் முழு வாடகைக்கும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்பர். ஒருவர் விலகினால் அவர் பங்கை மற்றவர்கள் செலுத்த வேண்டும்.
படுக்கைவாரி ஒப்பந்தம்: ஒவ்வொருவரும் தம் அறைக்கு மட்டும் பொறுப்பு. காலியிருப்பின் இடர் உரிமையாளரைச் சேரும்.

மாணவர்களுக்குத் தனி வருமானம் இல்லாமையால் பெற்றோரைப் பிணையாளராகக் கேட்பது வழக்கம். வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்கக் கடன் வரலாறும் உள்ளூர்ப் பிணையாளரும் இல்லாததால் வீடு கிடைப்பது கடினமாகிறது. சிலரிடம் பல மாத வாடகை முன்கூட்டியே கேட்கப்படுகிறது. 2023-24 கல்வியாண்டில் அங்கு பயின்ற வெளிநாட்டு மாணவர்களில் இந்தியர்களே அதிகம். அவர்களின் எண்ணிக்கை 3,31,000 க்கும் மேல். எனவே இச்சிக்கல் தமிழ் மாணவர்களுக்கும் உரியதே.

சட்டங்கள்

உறவினர் அல்லாத எத்தனை பேர் ஒரு வீட்டில் வாழலாம் என்பதை வரையறுக்கும் உள்ளூர் விதிகள் இம்முதலீட்டை நேரடியாகத் தாக்குபவை. நியூயார்க் மாநிலத்தின் பெல் டெரே சிற்றூர் இவ்வெல்லையை இருவர் என வைத்திருந்தது. அங்கு ஸ்டோனி புரூக் பல்கலைக்கழக மாணவர்கள் அறுவர் வாழ்ந்த வீட்டைப் பற்றிய வழக்கில், அவ்விதி செல்லும் என உச்ச நீதிமன்றம் 1974 இல் தீர்ப்பளித்தது. பின்னர் சில மாநிலங்கள் எதிர்த்திசையில் சென்றன. குடும்ப உறவை அடிப்படையாகக் கொண்ட இத்தகைய வரையறைகளை நகரங்கள் விதிப்பதை அயோவா 2017 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் கொலராடோ 2024 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் தடுத்தன.

1968 ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் இனம், மதம், பிறந்த நாடு முதலியவற்றின் அடிப்படையில் வாடகைக்கு மறுப்பதைத் தடை செய்கிறது. குழந்தைகள் உள்ள குடும்பங்களுக்கான பாதுகாப்பு 1988 இல் சேர்க்கப்பட்டது. மாணவர் என்ற நிலை நடுவண் சட்டத்தின் பட்டியலில் இல்லை. 1978 க்கு முன் கட்டப்பட்ட வீடாயின், ஈய வண்ணப்பூச்சு குறித்துத் தமக்குத் தெரிந்தவற்றை உரிமையாளர் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முன்வைப்புத் தொகையின் உச்ச அளவு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். மிச்சிகனில் அது ஒன்றரை மாத வாடகை.

இடர்கள்

மாணவர் எண்ணிக்கை: அமெரிக்காவில் கல்லூரி மாணவர் எண்ணிக்கை 2010 இல் சுமார் 2.1 கோடியை எட்டிப் பின்னர் குறைந்தது. பிறப்புகள் 2007 இல் சுமார் 43 இலட்சமாக உச்சம் தொட்டு அதன்பின் சரிந்தன. அவ்வாண்டில் பிறந்தோர் 2025 இல் பதினெட்டு வயதை அடைந்தமையால், அடுத்து வரும் ஆண்டுகளில் கல்லூரி வயதினர் குறைவர்.
கல்லூரி மூடப்படுதல்: வெர்மான்ட் மாநிலத்தின் பூல்ட்னி என்னும் சிற்றூரில் இருந்த கிரீன் மவுண்டன் கல்லூரி 2019 இல் மூடப்பட்டது. இத்தகைய ஊரில் மாணவருக்கென வாங்கிய வீட்டுக்கு மாற்று வாடகைதாரர் கிடைப்பது எளிதன்று.
திடீர் இடையூறு: 2020 மார்ச்சில் கோவிட்-19 பெருந்தொற்றால் வளாகங்கள் மூடப்பட்டு மாணவர்கள் ஊர் திரும்பினர்.
பெருநிறுவனப் போட்டி: மாணவர் குடியிருப்பு நிறுவனமான அமெரிக்கன் கேம்பஸ் கம்யூனிட்டீசை 2022 இல் பிளாக்ஸ்டோன் சுமார் 1,280 கோடி டாலருக்கு வாங்கியது. வளாகத்தை ஒட்டி எழும் புதிய அடுக்ககங்கள் பழைய வீடுகளின் வாடகைதாரரை ஈர்க்கக்கூடும்.

நகரத்தின் மீதான தாக்கம்

படுக்கைக்கு இவ்வளவு என வாடகை கணக்கிடப்படுவதால், மூன்று மாணவர்கள் சேர்ந்து தரும் தொகையை ஒரு குடும்பம் தனித்துத் தருவது கடினம். வளாகத்தை ஒட்டிய தெருக்களில் வீட்டு விலை உயர்ந்து, உள்ளூர்க் குடும்பங்கள் தொலைவுக்கு நகர நேரிடுகிறது. பல்கலைக்கழக நிலங்கள் பெரும்பாலும் சொத்து வரி விலக்குப் பெற்றவை என்பதால், வரிச் சுமையின் பெரும்பகுதி ஏனைய சொத்துகளின் மீது விழுகிறது. அவ்வரி இறுதியில் வாடகையிலும் பிரதிபலிக்கும். இவ்வகையில் உரிமையாளரின் வரவாகத் தோன்றுவது மாணவரின் கல்விச் செலவில் ஒரு பகுதியாகும்.

இவற்றையும் பார்க்க

வாடகை
வீட்டுக் கடன்
சொத்து வரி
தேய்மானம்