கண்ணிமையும் ரோமானிய முத்திரையும்

என் தந்தையாருக்கு இமை ஓரங்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். காலையில் இமைமயிரில் பொடுகு போல வெள்ளைச் செதில் ஒட்டியிருக்கும். பீளை காய்ந்து, கண்ணைத் திறக்கவே சிரமப்படுவார். சாராயக் கடைகளுக்குப் பஞ்சமில்லாத புதுச்சேரியில், சிவந்த கண்ணுக்கு ஊரார் என்ன காரணம் கற்பித்திருப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சொட்டும் தொடாத மனிதர் அவர். மருந்துக் கடையில் ஒரு மஞ்சள் களிம்பு வாங்கிப் பூசிக்கொள்வார். அதில் இருந்தது பாதரச ஆக்ஸைடு என்று பின்னாளில்தான் அறிந்தேன்.

ஐம்பதைத் தாண்டியதும் அதே கண் எனக்கும் வந்தது. இமை அழற்சி என்பார்கள். டாக்டர்கள் சொல்லும் பெயர் பிளெஃபரைட்டிஸ்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எங்களுக்கு, பிரான்சின் பழைய பெயரான 'கோல்' நாட்டின் வரலாறு மனப்பாடம். ஆனால் அந்த மண்ணில் கிடைத்த ஒரு பொருளைப் பற்றி ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். அது ரோமானியர் காலத்துக் கண் வைத்தியர்களின் முத்திரைக்கல். மாக்கல் போன்ற மென்மையான கல்லில் செய்த சிறு சதுர வில்லை. அதன் நான்கு விளிம்புகளிலும் எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருக்கும்: வைத்தியர் பெயர், மருந்தின் பெயர், எந்த நோய்க்கு என்ற குறிப்பு. மருந்தைக் குழைத்துக் குச்சியாக உருட்டி, ஈரம் காயும் முன் இந்தக் கல்லால் அழுத்துவார்கள். நோயாளி அந்தக் குச்சியை நீரிலோ முட்டை வெள்ளைக்கருவிலோ கரைத்துக் கண்ணில் இட்டுக்கொள்வார். இத்தகைய கற்கள் 300-க்கும் மேல் கிடைத்துள்ளன. பெரும்பாலானவை கோல் நாட்டில்தான். அவற்றில் அடிக்கடி வரும் நோய்ப் பெயர் 'லிப்பிட்டூடோ'. சிவந்து, பீளை தள்ளும் கண்கள் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயர்.

இந்த மருந்துகளில் ஒன்று சடாமாஞ்சில் சேர்த்தது. கங்கைப் பக்கத்திலிருந்து வந்த அந்தச் சரக்கு நம் முசிறித் துறைமுகத்தில் கப்பல் ஏறியதைக் கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல் குறிப்பிடுகிறது. முசிறியில் வந்து இறங்கிய சரக்குகளில் அஞ்சனக்கல்லும் ஒன்று என்று அதே நூல் சொல்கிறது. கண்ணுக்கான சரக்கு நம் கரையிலிருந்து போயிருக்கிறது. நம் கரைக்கு வந்தும் இருக்கிறது!

அதே நூற்றாண்டில் இலத்தீனில் மருத்துவ நூல் எழுதிய செல்சுஸ் இப்படிப்பட்ட கண் மருந்துகள் பலவற்றின் செய்முறையைத் தருகிறார். ஆனால் நடுவே, வெந்நீரால் தலைக்கும் கண்ணுக்கும் ஒத்தடம் கொடுக்கவும் சொல்கிறார். மருந்துக் குச்சியில் பெயரை அழுத்தி விற்கலாம். வெந்நீரில் யார் முத்திரை குத்துவது?

அந்த வெந்நீர் ஏன் பலன் தருகிறது என்று விளங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. 1666-இல் ஹைன்ரிஷ் மைபோம் என்ற ஜெர்மானிய மருத்துவர் இமைக்குள் வரிசையாக இருக்கும் எண்ணெய்ச் சுரப்பிகளை விவரித்தார். அவர் பெயராலேயே அவை இன்றும் அழைக்கப்படுகின்றன. அந்த எண்ணெய்தான் கண்ணீர் சீக்கிரம் உலராமல் காக்கிறது. இந்த நோயில் எண்ணெய் கெட்டியாகி வாய் அடைத்துக்கொள்கிறது. உறைந்த நெய் சூட்டில் உருகுவது போல, ஒத்தடத்தில் இதுவும் இளகுகிறது. நோய் இருந்தது இமை விளிம்பில். நாம் காலங்காலமாக மருந்தைக் கண்ணுக்குள் ஊற்றிக்கொண்டிருந்தோம்.

நான் செய்வது இதுதான். கையைச் சோப்பால் கழுவுவேன். சுத்தமான துணியை, கை தாங்கும் சூட்டிலுள்ள வெந்நீரில் நனைத்துப் பிழிந்து, மூடிய இமைமேல் வைப்பேன். சூடு ஆற ஆற மீண்டும் நனைத்து ஐந்து பத்து நிமிடம். பிறகு விரலால் மேலிமையைக் கீழ்நோக்கியும் கீழிமையை மேல்நோக்கியும் மெதுவாக நீவுவேன். கடைசியில், குழந்தைகளுக்கான ஷாம்பு சில துளிகளை வெந்நீரில் கலந்து, பஞ்சில் தொட்டு இமைமயிரின் அடியைத் துடைத்துக் கழுவுவேன். தொந்தரவு அதிகமானால் தினம் இருமுறை, மற்ற நாட்களில் ஒருமுறை.

சரியாகிவிட்டது என்று மூன்று தடவை நிறுத்தினேன்; மூன்று தடவையும் திரும்பி வந்தது. இது குணமாகும் நோயல்ல, கட்டுக்குள் வைக்கும் நோய். பல் துலக்குவது போலத் தினசரி வேலை என்று ஏற்றுக்கொண்ட பிறகே நிம்மதி.

நம் வயதுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. தாய்ப்பால், தேன், பூச்சாறு எதையும் கண்ணில் விடாதீர்கள். பார்வை மங்கினாலோ, வலி இருந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். ஒரே இமையில் மட்டும் சிவப்போ கட்டியோ மாதக்கணக்கில் ஆறாமல், இமைமயிரும் உதிர்ந்தால் தள்ளிப்போடவே கூடாது. அபூர்வமாக அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

என் தந்தையார் தலைகுனிந்தே நடந்து பழகிவிட்டார், யாரும் கண்ணைப் பார்க்கக்கூடாது என்று. எங்கள் வீட்டில் அடுப்பும் இருந்தது, வெந்நீரும் இருந்தது, பழைய வேட்டித் துணியும் இருந்தது. இப்படிச் செய்யுங்கள் என்று அவருக்குச் சொல்லத்தான் ஒருவரும் இல்லை.