கொச்சியில் பஞ்சாலை, காரைக்குடியில் கல்விநகர்: வள்ளல் அழகப்பர் விட்டுச் சென்றவை

கொச்சி: திருச்சூரிலிருந்து எர்ணாகுளம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில், ஆம்பல்லூரை ஒட்டி அழகப்பநகர் என்ற ஊராட்சி உள்ளது. மலையாள மண்ணில் செட்டிநாட்டுத் தமிழர் ஒருவரின் பெயரைத் தாங்கி நிற்கும் ஊர் அது. கோட்டையூரைச் சேர்ந்த அழகப்பச் செட்டியார், 1937-ஆம் ஆண்டு அன்றைய கொச்சி சமஸ்தானத்தில் நிறுவிய பஞ்சாலையே அவ்வூருக்கு அப்பெயரைத் தந்தது. தமிழகத்தில் கல்வி வள்ளலாக அறியப்படும் அவருடைய தொழில் வாழ்வின் முக்கியமான தொடக்கங்களுள் ஒன்று இங்குதான் அமைந்தது.

பிறப்பும் படிப்பும்

இன்றைய சிவகங்கை மாவட்டம் காரைக்குடியை அடுத்த கோட்டையூரில், 1909-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, ராமநாதன் செட்டியார் - உமையாள் ஆச்சி தம்பதியரின் மகனாக அழகப்பர் பிறந்தார். நகரத்தார் வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குகளைக் கற்றவுடன் பர்மாவுக்கோ மலாயாவுக்கோ இலங்கைக்கோ கப்பலேறுவதே அன்றைய வழக்கம். அழகப்பர் அவ்வழியில் செல்லவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் லண்டன் சென்று சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆனார். அங்குள்ள சார்ட்டர்டு வங்கியில் பயிற்சி பெற்றதோடு, விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

இளமையிலேயே தொழுநோய் அவரைத் தாக்கியது. மருந்து அரிதாகவும் சமூக விலக்கு கடுமையாகவும் இருந்த காலம் அது. வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த அந்த நோயோடுதான் அவர் தொழில்களையும் கல்வி நிலையங்களையும் உருவாக்கினார் என்பது, அவருடைய வாழ்க்கையை மதிப்பிடும் எவரும் மறக்கக்கூடாத செய்தியாகும்.

கொச்சி சமஸ்தானத்தில் பஞ்சாலை

நாடு திரும்பிய அழகப்பர், குடும்பத்தின் வழக்கமான வட்டித் தொழிலைவிட உற்பத்தித் தொழிலில் நாட்டம் கொண்டார். அன்றைய கொச்சி சமஸ்தானம் அதற்கு ஏற்ற களமாக இருந்தது. ஆழப்படுத்தப்பட்ட கொச்சித் துறைமுகம், பெருங்கப்பல்கள் எல்லாப் பருவங்களிலும் வந்து செல்லும் துறைமுகமாக வளர்ந்திருந்தது. ஷொரணூர் - எர்ணாகுளம் இருப்புப்பாதை சமஸ்தானத்தின் உட்பகுதியைத் துறைமுகத்தோடு இணைத்தது. 1935 முதல் 1941 வரை கொச்சியின் திவானாகப் பதவி வகித்தவர் கோவையைச் சேர்ந்த ஆர்.கே. சண்முகம் செட்டியார். பிற்காலத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான அவர், தொழில் வளர்ச்சியில் ஆர்வம் உடையவர்.

இச்சூழலில்தான் 1937-இல் அழகப்பா டெக்ஸ்டைல்ஸ் (கொச்சி) நிறுவனம் தோன்றியது. அப்போது அழகப்பருக்கு வயது 28. ஆலையைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்பும் கடைவீதியும் வளர, ஊர் அவர் பெயரையே பெற்றது. இதைத் தொடர்ந்து மலாயாவில் ரப்பர் தோட்டம், தகரச் சுரங்கம், உள்நாட்டில் காப்பீடு, பங்கு வணிகம் எனப் பல துறைகளில் அவர் முதலீடு செய்தார். விடுதலைக்குப் பின் ஜூபிடர் ஏர்வேஸ் என்ற விமான நிறுவனத்தையும் நடத்தினார். ஆனால் அது நெடுநாள் நிலைக்கவில்லை.

தமிழுக்கும் தொழில்நுட்பத்துக்கும்

கேரள மண்ணில் அழகப்பர் விட்டுச் சென்ற அடையாளம் பஞ்சாலை மட்டுமன்று. திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ் ஆய்வுக்கென அவர் ஒரு லட்சம் ரூபாய் அறக்கட்டளை வழங்கினார். அதன் பயனாக 1944-இல் அங்குத் தமிழ்த்துறை உருவானது. பேரறிஞர் எஸ். வையாபுரிப் பிள்ளை பின்னாளில் அத்துறையில் பேராசிரியராகப் பணியாற்றினார். இன்று கேரளப் பல்கலைக்கழகத்தின் ஓர் அங்கமாக அத்துறை திருவனந்தபுரத்தில் செயல்பட்டு வருகிறது.

அதே 1944-இல், சென்னை கிண்டியில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தொடங்குவதற்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் ஐந்து லட்சம் ரூபாய் அளித்தார். வேதிப் பொறியியல், ஜவுளித் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் போன்ற துறைகளில் ஆட்களைப் பயிற்றுவித்த அந்நிறுவனமே அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி. மாணவர்கள் இன்றும் 'ஏ.சி. டெக்' என்றே அதனை அழைக்கின்றனர். 1978-இல் உருவான அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த கல்லூரிகளுள் இதுவும் ஒன்று.

காரைக்குடியில் பிறந்த கல்லூரி

1947 ஜூலையில் சென்னையில் நடைபெற்ற ஒரு கூட்டத்தில், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார், வெளியூர்களில் கல்லூரி தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று வேண்டுகோள் விடுத்தார். அவையில் இருந்த அழகப்பர், காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக அங்கேயே அறிவித்து, ஒரு லட்சம் ரூபாய்க்கு உறுதி அளித்தார். கட்டடம் எழும்வரை அவர் காத்திருக்கவில்லை. விடுதலை நாளுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், ஆகஸ்ட் 11-ஆம் தேதியே காரைக்குடியில் வகுப்புகள் தொடங்கின.

அதன்பின் பத்தாண்டுகளுக்குள் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, பாலிடெக்னிக், உடற்கல்விக் கல்லூரி, மாண்டிசோரி முறைக் குழந்தைகள் பள்ளி என மழலை வகுப்பு முதல் பட்டப் படிப்பு வரையிலான நிறுவனங்கள் அந்த வறண்ட செம்மண் நிலத்தில் எழுந்தன. பெண்கள் கல்விக்காகக் கோட்டையூரில் தாம் வாழ்ந்த மாளிகையையே அவர் வழங்கினார்.

300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும்

விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வகங்களை அமைக்கத் தொடங்கியபோது, அவை பெரும்பாலும் டெல்லி, புனே போன்ற பெருநகரங்களுக்கே சென்றன. அவற்றுள் ஒன்றைக் காரைக்குடிக்குக் கொண்டுவர அழகப்பர் முயன்றார். அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக இருந்த விஞ்ஞானி சாந்தி ஸ்வரூப் பட்நாகரிடம் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர முன்வந்தார். மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்துக்கு 1948 ஜூலை 25-ஆம் தேதி பிரதமர் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் தேதி, பொங்கல் திருநாளன்று, குடியரசுத் துணைத் தலைவர் எஸ். ராதாகிருஷ்ணன் அதனைத் திறந்து வைத்தார்.

உலோக அரிப்பு, மின்முலாம், மின்கலம் ஆகியவை இந்நிலையத்தின் முக்கிய ஆய்வுத் துறைகள். கடற்காற்றில் இரும்பு அரிக்கப்படுவதை ஆராய மண்டபத்தில் அதற்குத் தனிப் பிரிவு உள்ளது. மின்சார வாகனங்களுக்கான லித்தியம் அயனி மின்கலங்கள் நாட்டின் முக்கியத் தேவையாகியுள்ள இக்காலத்தில், ஒரு சிற்றூரில் அன்று இடப்பட்ட அடித்தளத்தின் மதிப்பு கூடியிருக்கிறது.

மாறிய அறம்

நகரத்தார் தம் வணிக வருவாயில் ஒரு பகுதியை 'மகமை' என ஒதுக்கிக் கோயில் திருப்பணிக்கும் அன்னதானத்துக்கும் செலவிடுவது நெடுங்கால மரபு. இருபதாம் நூற்றாண்டில் அந்த மரபு கல்வியை நோக்கித் திரும்பியது. 1929-இல் சிதம்பரத்தில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய பல்கலைக்கழகம் அதற்கு முன்னோடி. இத்திருப்பத்தை அறிவியல், தொழில்நுட்பம் வரை கொண்டு சென்றவர் அழகப்பர். பிரிட்டிஷ் அரசு அளித்த 'சர்' பட்டத்தை விடுதலைக்குப் பின் துறந்த அவருக்கு, 1956-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி, 48-வது பிறந்தநாளுக்கு முதல் நாள், அவர் காலமானார்.

நிலைத்தவையும் நின்றுபோனவையும்

அவர் தொழில் நோக்கில் தொடங்கியவற்றுள் பெரும்பாலானவை இன்று இல்லை. விமானங்கள் அவர் காலத்திலேயே நின்றன. அழகப்பநகர் பஞ்சாலை, நலிவுற்ற ஆலைகளுக்கான 1974-ஆம் ஆண்டு தேசியமயச் சட்டத்தின்கீழ் தேசிய ஜவுளிக் கழகத்தின் வசமானது. 2020 மார்ச் மாதப் பொது முடக்கத்தின்போது நாடெங்கும் நிறுத்தப்பட்ட அக்கழக ஆலைகளுள் இதுவும் ஒன்று. அதன்பின் ஆலை சீராக இயங்கவில்லை. மூன்று தலைமுறைகளுக்கு வேலை தந்த ஆலை மீண்டும் ஓடுமா என்பது அவ்வூர்த் தொழிலாளர் குடும்பங்களின் கேள்வியாகவே உள்ளது.

அவர் கொடுத்தவையோ வளர்ந்தன. காரைக்குடியின் கலைக் கல்லூரியும் பொறியியல் கல்லூரியும் இன்று அரசுக் கல்லூரிகளாக இயங்குகின்றன. அவர் அமைத்த கல்விநகரை அடிப்படையாகக் கொண்டு 1985-இல் தமிழக அரசு அழகப்பா பல்கலைக்கழகத்தை நிறுவியது. 2007-இல் இந்திய அஞ்சல் துறை அவர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.

இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. கிண்டிக் கல்லூரியைப் பல்கலைக்கழகத்திடமும், மின்வேதியியல் நிலையத்தை நாட்டின் ஆராய்ச்சிக் கழகத்திடமும் அவர் ஒப்படைத்தார். தம் கையில் வைத்துக்கொள்ளாமல் பொதுவில் விட்டதால், அவை ஒரு மனிதரின் ஆயுளையோ ஒரு குடும்பத்தின் செல்வத்தையோ சார்ந்திருக்கவில்லை. நன்கொடை எவ்வளவு என்பதோடு, அதை யார் பொறுப்பில் விட்டார் என்பதும் அழகப்பரின் வாழ்க்கையில் கவனிக்க வேண்டிய ஒன்று.

அழகப்பநகரின் ஆலைச் சங்கு மீண்டும் ஒலிக்குமா என்பதை வரும் ஆண்டுகள் சொல்லும். காரைக்குடியிலும் கிண்டியிலும் வகுப்பு மணி ஒலித்துக்கொண்டிருக்கிறது.