சேம அச்சு

சென்ற தை மாதத்தில் ஒரு மாலை, கன்னிவாடிச் சாலையோரப் புளியமரத்தடியில் ஒரு சிறிய லாரி நின்றிருந்தது. பின்புறம் மரப்பலகையாலும் தகரத்தாலும் அறைபோல் அடைக்கப்பட்டிருந்தது. சன்னலில் திரை, கூரையில் சூரியமின் தகடு. நடுவயதைக் கடந்த கணவனும் மனைவியும் பிளாஸ்டிக் நாற்காலிகளில் அமர்ந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தனர். வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஓராண்டாக வண்டியிலேயே குடியிருப்பதாகச் சொன்னார்கள். நம்மோடு வந்த மாணவர்கள் உள்ளே எட்டிப் பார்க்க ஆசைப்பட, அவர்களும் மகிழ்ச்சியோடு காட்டினர்.

மடக்குக் கட்டில், அதனடியில் துணிப்பெட்டி, ஒற்றை அடுப்பு, நூறு லிட்டர்த் தண்ணீர்த் தொட்டி. "தொட்டி நிறைந்தால் நூறு கிலோ கூடிவிடும் சார். எதை ஏற்றுவது என்பதைவிட எதை விடுவது என்பதுதான் ஓராண்டாகக் கற்ற பாடம்" என்றார் அவர். வண்டியின் உடலமைப்பை மாற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதி பெற அலைந்த கதையையும் சொன்னார்.

திரும்பும் வழியில் ஒரு மாணவர், "இதெல்லாம் வெள்ளைக்காரர் பழக்கம், இல்லையா ஐயா?" என்று கேட்டார். அவருக்கு அன்று சொன்ன விடையைத்தான் வாசக அன்பர்களுடன் இங்குப் பகிர்ந்துகொள்கிறோம்.

சக்கரத்தின்மேல் குடும்பம் நடத்தியவர்களைப் பற்றி நம் மொழியில் விரிவான பதிவு உண்டு. அவர்கள் உமணர், நெய்தல் நிலத்து உப்பை உள்நாட்டுக்குக் கொண்டுசென்று விற்றவர்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, உமணர் வண்டியை ஏறக்குறைய ஒரு தச்சரின் கண்கொண்டு பார்க்கிறது. முழவைப் போன்ற முழுமரத்து உருளையில் தொடங்கி, ஆர்க்கால், பருத்த பார் என்று ஒவ்வோர் உறுப்பாகச் சொல்கிறது. மேலே புல்வேய்ந்த கூரை. வாசலில் கோழிகள் அடையும் கூடு. அவ்வண்டி, யானைக்குக் காவலிருப்போர் குடிலைப் போலிருந்தது என்கிறார் புலவர். மலையடிவாரத்துக் கன்னிவாடி மக்களுக்கு அந்த உவமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வண்டியில் ஒரு சிறிய உரல் தொங்குகிறது. அது பெண்யானையின் முழந்தாளைப் போலிருக்கிறதாம். முன்பக்கத்தில் காடி நிரம்பிய கலம் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருக்கிறது. பல நாள் கெடாத புளிப்புணவு வழிநடைக்கு எவ்வளவு இன்றியமையாதது என்பதை நெடும்பயணம் செய்தோர் அறிவர். எருதுகளை ஓட்டுபவள் கைக்குழந்தையோடு இருக்கும் பெண். வேப்பந்தழை மாலை அணிந்த ஆடவர் வண்டிவரிசையின் பக்கங்களில் காவலாக நடக்கின்றனர். சமையலறை, கோழிக்கூடு, உணவுச் சேமிப்பு, கூரை, காவல் என எதுவும் விடுபடவில்லை. உரலுக்கு உள்ளே இடமில்லை. ஆகவே அது வெளியே தொங்குகிறது. புளியமரத்தடி லாரியிலும் வாளியும் நாற்காலியும் அப்படித்தான் வெளியே தொங்கின!

புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார் இன்னொரு செய்தி தருகிறார். எருதுகளோ இளையவை, பாரமோ மிகுதி, வழியிலுள்ள மேடுபள்ளத்தை யாரும் முன்னறியார். ஆகையால் உமணர் வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு புறப்படுகிறார்கள். அதற்குச் 'சேம அச்சு' என்று பெயர். அதியமான் மகன் பொகுட்டெழினி அந்தச் சேம அச்சைப் போன்றவன் என்கிறார் ஔவையார். இன்று ஓட்டுநர்கள் 'ஸ்டெப்னி' என்று சொல்லும் மாற்றுச் சக்கரம், 1904இல் பிரித்தானியாவின் வேல்சுப் பகுதியில், லனெல்லி நகரத்து ஸ்டெப்னி தெருவில் தொழில் நடத்திய சகோதரர்களால் அப்பெயர் பெற்றது. பெயர் புதிது, அதற்குப் பின்னுள்ள அறிவு நம் பாட்டில் பழையது.

இவ்வாழ்க்கையைப் புலவர்கள் வெறும் அழகாக மட்டும் காட்டவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். சேற்றில் புதைந்த வண்டியை மீட்கப் பெருமூச்செறிந்து இழுக்கும் பகடு அகநானூற்றில் வருகிறது. கால் முடமானதால் ஆளில்லா இடத்தில் உமணர் விட்டுச்சென்ற எருதைப் புறநானூற்றின் 307ஆம் பாட்டு காட்டுகிறது. பாரம் தாங்காததை விட்டுவிட வேண்டும் என்ற விதி, உடன் உழைத்த உயிரையும் விடவில்லை. சிறுபாணாற்றுப்படையில் உமணரோடு வந்த மந்தி, அவர்கள் பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. நற்றிணையின் 183ஆம் பாட்டிலோ, ஓரிடத்தில் தங்கியிருத்தலை வெறுத்துச் சுற்றத்தோடு பெயர்ந்து செல்லும் உமணரைக் கண்டு, பின்னே நிற்பவள் வருந்துகிறாள்.

கன்னிவாடியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடல் நூறு கிலோமீட்டருக்குக் குறையாது. இங்குள்ள ஒவ்வொரு பானையிலும் விழுந்த உப்பு யாரோ ஒருவருடைய வழிநடையால் வந்தது. மதுரைக்கு அருகிலுள்ள அழகர்மலைத் தமிழ்-பிராமிக் கல்வெட்டு, உப்பு வணிகன் ஒருவனைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அலைந்து விற்ற பொருளை வாணிகம் செய்தவன், அறம் செய்து கல்லில் பெயர் பொறிக்கும் மதிப்போடு இருந்தான்.

அந்த மதிப்பு பிற்காலத்தில் என்னவாயிற்று? பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடற்கரை உப்பை எருதிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டில் விற்றுவந்தோரில் உப்புக் குறவர் ஒரு பிரிவினர். அவர்களே சங்ககால உமணரின் வழியினர் என்று நாம் சொல்லவில்லை. தொழில் ஒன்று என்பதே நம் கருத்து. ஆங்கில அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப்பாதையும் அந்த வாணிகத்தை அழித்தன. வட இந்தியாவில் 1871இல் வந்த குற்றப்பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் விரிந்தது. பிழைப்பிழந்து அலைந்தவர்கள் பிறப்பிலேயே குற்றவாளிகள் எனப் பட்டியலிடப்பட்டனர். சட்டம் 1952இல் நீங்கியது. ஐயப்பார்வை அதனோடு நீங்கிவிடவில்லை.

இராசத்தானத்து காடியா லோகார் கொல்லர்களும் வண்டியையே வீடாகக் கொண்டவர்கள். 1568இல் சித்தூர் வீழ்ந்தபின், அக்கோட்டைக்குத் திரும்புவதில்லை, கூரையின்கீழ் குடியிருப்பதில்லை எனச் சூளுரைத்ததாக அவர்கள் மரபு கூறுகிறது. 1955இல் நேரு அவர்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்று அச்சூளுரையை முடித்துவைத்தார். அதன் பிறகும் அவர்களுள் பலர் சாலையோரத்தை விட்டு நீங்கவில்லை. சூளுரை முடிந்தது, வீடும் நிலமும் கிடைப்பது வேறு கதை.

இன்று வண்டிவாழ்வு மீண்டும் மதிப்புப் பெறுகிறது. கேரள அரசு 2021இல் கேரவன் சுற்றுலாத் திட்டத்தையே அறிவித்தது. இது நல்லதுதான். புளியமரத்தடித் தம்பதியரை ஊரார் அன்போடு வரவேற்றனர். ஒருவர் இளநீர் கொண்டுவந்து கொடுத்தார். நாமும் அரைமணி நேரம் அவர்களோடு இருந்தோம்.

ஆனால் இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பொய்யாகிவிடும். அதற்கு முந்தைய ஆண்டில், அறுவடை முடிந்த வயல்களில் கிடைபோட வந்த கீதாரிக் குடும்பம் ஒன்று அதே மரத்தடியில்தான் தங்கியது. பாத்திர மூட்டை, தார்ப்பாய், குட்டிகளை அடைக்கும் கூடுகள். அவ்வளவே அவர்கள் உடைமை. பக்கத்துத் தோட்டத்தில் ஏதோ காணாமற்போயிற்று என்று யாரோ சொல்ல, இரவோடு இரவாக அவர்கள் கிளம்பிப்போனார்கள். காணாமற்போன பொருள் பிறகு தோட்டத்துக்காரர் வீட்டிலேயே கிடைத்தது. நாம் தினமும் அவ்வழியே கல்லூரிக்குச் சென்றவர்கள். வகுப்பில் உமணர் பாட்டை நடத்தியவர்கள். ஒருநாளும் நின்று அவர்களிடம் பேசியதில்லை.

அவர்கள் போன மறுநாள் காலையில் மரத்தடியில் மூன்று கற்களும் கொஞ்சம் சாம்பலும் கிடந்தன. உமணர் விட்டுச்சென்ற கல்லடுப்பையும் அகநானூறு பாடியிருக்கிறது. உருத்திரங்கண்ணனார் அந்த வண்டியருகே நின்று, உரலையும் காடிக் கலத்தையும் கைக்குழந்தையையும் பார்த்தார். பார்த்ததனால்தான் நமக்குப் பாட்டுக் கிடைத்தது. இந்த ஆண்டும் அறுவடை முடிந்தால் கிடைக்காரர் வருவார்கள். இம்முறை மாணவர்களையும் அழைத்துக்கொண்டு போவது என்றிருக்கிறோம்.